திண்டிவனத்தில் பிழிந்த பிகோலி

ஒரு கரண்டி இட்லிப் பொடியால் பெற்ற மகளின் கல்யாணத்தை நிறுத்தியவன் நான். நீங்கள் நம்ப மாட்டீர்கள். என் மனைவி வசந்தாவும் முதலில் நம்பவில்லை. போனில் மகள் அழுத அழுகையைக் கேட்ட பிறகுதான் நம்பினாள்.

2012 மார்ச்சில் இத்தாலிக்குப் போயிருந்தேன். மகள் கயல்விழி அங்கே படோவா என்ற ஊரில் ஆராய்ச்சிப் படிப்பில் இருந்தாள். கூடப் படிக்கும் மார்க்கோவைக் கட்டிக்கொள்ள விருப்பம் என்று சொல்லியிருந்தாள். பையனையும் வீட்டையும் பார்த்துவிட்டு வருவது என் வேலை. பஸ் டெப்போவில் முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அதுதான் முதல் பாஸ்போர்ட், முதல் விமானம், முதல் கோட்டு. வசந்தா சத்துணவு மையத்தில் அமைப்பாளர். பரீட்சை சமயத்தில் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை, தனியாகப் போனேன். நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம் என்று இன்றுவரை அவள் சொல்கிறாள்.

படோவாவில் முதல் மூன்று நாள் எனக்குப் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. பஸ்ஸில் யாரும் யாரையும் எந்த ஊர் என்று கேட்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்த பெரியவரைப் பார்த்துச் சிரித்தேன், அவர் தன் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். ஆனால் பஸ் அருமையான பஸ். கியர் மாற்றுவது தெரியவே இல்லை. நம் பஸ்ஸில் இரண்டிலிருந்து மூன்றாவது கியர் விழும்போது வண்டியே ஒருமுறை விக்கும், நமக்கும் தூக்கம் கலையும்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். ரொட்டியைக் கடித்தால் கடைவாய்ப் பல் ஆடியது. காபியைக் குழந்தைக்கு மருந்து புகட்டும் சங்களவு கொடுத்தார்கள். நல்லவேளை, வசந்தா கட்டிக் கொடுத்த இட்லிப் பொடி சட்டைப் பையில் இருந்தது. ரொட்டி, முட்டை, உருளைக்கிழங்கு என்று எது வந்தாலும் அதன் மேல் தூவி உள்ளே தள்ளினேன்.

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. மார்க்கோவின் அம்மா புரூனா வீட்டில் மதியச் சாப்பாடு. கணவர் இறந்து சில வருடம் ஆகிறது. புரூனாவுக்கு என் வயதுதான் இருக்கும், நல்ல உயரம், அதிகம் பேசாதவர். ஈஸ்டருக்கு முந்திய வெள்ளிக்கிழமைகளில் அவர்களுக்குக் கறி கிடையாது, விரதம் என்று கயல் முன்கூட்டியே சொன்னாள். போய்ப் பார்த்தால் விரதச் சாப்பாட்டில் மீன்! நம் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன் வாசனை வந்தால் வசந்தா சட்டியையும் என்னையும் சேர்த்து வாசலில் வைத்துவிடுவாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

சமையலறை மூலையில் ஒரு மரப் பெஞ்சு. அதன் நுனியில் பித்தளைக் குழல், அதற்கு மேல் ஒரு திருகு. புரூனா அந்தப் பெஞ்சில் குதிரை மேல் உட்காருவதுபோல் உட்கார்ந்து திருகைச் சுற்றச் சுற்ற, கீழே கோதுமை நிறத்தில் மாவு கயிறு கயிறாக இறங்கியது. மார்க்கோ அதை இரண்டு கையாலும் ஏந்தி அறுத்தான். அதற்குப் பிகோலி என்று பேர். நான் மற்றதையெல்லாம் மறந்து அந்தத் திருகின் மரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தன் சமையலுக்குக் காட்டிய மரியாதை என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. புரூனா என்னைப் பார்த்து முதல் முறையாகச் சிரித்தார்.

தட்டு வந்தது. பிகோலியின் மேல் கரைந்துபோன வெங்காயமும் உப்பில் ஊறிய மீனும், அவ்வளவுதான். ஒரு வாய் வைத்தேன். உப்பு, இனிப்பு, மீன் வாசம். காரம் எங்கே என்று நாக்கு தேடியது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்விட்டது. என் தட்டில் தூவிக்கொண்டதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது. பந்தியில் நமக்கு ஒன்று ருசியாக இருந்தால் பக்கத்து இலைக்கும் வைக்கச் சொல்லும் ஆட்கள் நாம். அந்தப் பழக்கத்தில், "டேஸ்ட் பண்ணிப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே புரூனாவின் தட்டிலும் ஒரு கரண்டி நிறையக் கொட்டி, நானே கிளறியும் விட்டேன்.

அவர் முட்கரண்டியைக் கீழே வைத்தார். தட்டை ஒருமுறை பார்த்தார். எழுந்து உள்ளே போய்விட்டார். உள்ளேயிருந்து மார்க்கோவிடம் அவர் சொன்னதைத் திரும்பி வரும் வழியில் கயல் மொழிபெயர்த்தாள்: "என் சமையலை இரண்டாவது வாய் சாப்பிடுவதற்குள் இந்த ஆள் திருத்துகிறார். அதுவும் என் தட்டிலேயே. நாளைக்கு என் பிள்ளையையும் இப்படித்தான் திருத்துவார்."

"நல்லதுக்குத்தாம்மா போட்டேன்" என்றேன்.

"உன்னை யாரு கேட்டாங்கப்பா?" என்றாள்.

நான் ஊர் திரும்பிய இரண்டாவது வாரம் முடிவு வந்தது. புரூனா இந்தியாவுக்கு வரமாட்டார். அம்மா இல்லாமல் எங்கள் ஊர் திண்டிவனத்துக்கு வந்து தாலி கட்ட மார்க்கோவுக்கு மனசில்லை. அங்கேயே நாலு பேரை வைத்து ரிஜிஸ்தர் செய்துகொள்வார்கள், போட்டோ அனுப்புவார்கள். அதன் பிறகு கயல் போனில் வசந்தாவிடம் மட்டும்தான் பேசினாள். நான் வாங்கிப் பேசினால் "ம்" என்று ஒரு சத்தம் வரும். ஒரே மகள். மண்டப வாசலில் வேட்டி கட்டி நின்று, வருகிறவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட இருபத்தெட்டு வருடமாகக் காத்திருந்தவன் நான். சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னால் பொய். இறங்கியது, ருசிக்கவில்லை.

மே மாதம் மார்க்கோ போன் செய்தான். அவனுடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் ஒரே தரம், அதனால் நன்றாகப் புரியும். எப்படியோ அம்மாவைச் சம்மதிக்க வைத்திருக்கிறானாம். ஆகஸ்டில் கயலோடு பாண்டிச்சேரிக்குச் சுற்றிப் பார்க்க வருவார். திண்டிவனத்துக்கு ஒரே ஒரு வேளை, மதியச் சாப்பாட்டுக்கு வருவார். அதற்கு மேல் கேட்காதீர்கள் என்றான்.

ஒரு வேளை போதும் என்றேன். என்ன சமைப்பீர்கள் என்றான். பிகோலி என்றேன்.

பிறகு மெதுவாகச் சொன்னான்: கோதுமை மாவு, வாத்து முட்டை, வெங்காயம், உப்பில் போட்ட நெத்திலி, ஆலிவ் எண்ணெய். "வேறு எதுவும் வேண்டாம் அங்கிள். ப்ளீஸ்." அந்த ப்ளீஸ் எதற்கு என்று எனக்குப் புரிந்தது.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் என்னுடையது. அந்த ஞாயிறே இறங்கிவிட்டேன். ஆலிவ் எண்ணெய் கேட்டு நாலு மளிகைக் கடை ஏறி, கடைசியில் மருந்துக் கடையில் ஒரு விரல் நீளப் பாட்டில் கிடைத்தது. "கொழந்தைக்கு எத்தினி மாசம் சார்?" என்று கேட்டார் கடைக்காரர். பிறந்த குழந்தையின் உடம்பில் தேய்க்கிற எண்ணெய் என்று அப்போதுதான் தெரிந்தது. சமையல் எண்ணெயைப் பிறகு பாண்டிச்சேரியில் வாங்கினேன்.

உப்பில் போட்ட நெத்திலிக்குப் பதில் கருவாடு. மாவுக்கு முறுக்குக் குழல். வெங்காயத்தை வதக்க எண்ணெய் காய்ந்ததும் கூடத்திலிருந்து வசந்தா குரல் கொடுத்தாள்.

"ஏங்க, கடுகு வெடிக்கிற சத்தம் கேக்குதே. இத்தாலிக்காரங்க வூட்ல கூடவா தாளிக்கிறாங்க?"

பார்த்தால் கடாயில் கடுகு, கறிவேப்பிலை, இரண்டு காய்ந்த மிளகாய். எப்போது போட்டேன் என்று எனக்கே தெரியாது. எண்ணெய் காய்ந்தால் கை அஞ்சறைப் பெட்டிக்குப் போகிறது, நான் என்ன செய்ய? மறுபடி ஆரம்பித்தேன். மாவு கல் மாதிரி இருந்ததால் முறுக்குக் குழலின் கைப்பிடி உடைந்தது. கருவாடு எண்ணெயில் கரையாமல் குச்சி குச்சியாக நின்றது. வாசம் மட்டும் தெருக்கோடி வரை போனது. புளி ஊற்ற மறந்த கருவாட்டுக் குழம்பு என்று வசந்தா தீர்ப்புச் சொன்னாள். அது சரியான தீர்ப்பு.

உடைந்த குழலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பரண் மேலிருந்த சேவை நாழி ஞாபகம் வந்தது. இறக்கித் துடைத்தேன். மூன்று கால், பித்தளைக் குழல், மேலே திருகு, சுற்றுவதற்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. படோவாவில் நான் வாயைப் பிளந்து பார்த்த அதே மெஷின்தான். அங்கே உட்கார்ந்து சுற்றுகிறார்கள், இங்கே நின்று சுற்றுகிறோம். அங்கே பிழிந்த பிறகு வேகவைக்கிறார்கள், இங்கே வேகவைத்த பிறகு பிழிகிறோம். இதைப் பார்க்கவா விமானம் ஏறிப் போனேன் என்று தோன்றியது. ஆனால் நம் நாழியின் அடியில் போடுகிற வில்லையின் ஓட்டை சிறியது, சேமியா மாதிரிதான் இறங்கும். பிகோலி ஒரு சணல் கயிற்றுத் தடிமன் இருக்க வேண்டும்.

மறுநாள் விழுப்புரம். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் சலீம் பாயின் லேத் பட்டறை. டெப்போவில் இருந்த காலத்திலிருந்து பழக்கம். பித்தளைத் தகட்டில் மூன்று மில்லிமீட்டர் ஓட்டை போட்டு வில்லை வேண்டும் என்றேன்.

"இன்னா சார், ரிட்டயராயி முறுக்கு யாவாரமா?"

"இல்ல பாய். இத்தாலி சமாச்சாரம். சம்பந்தியம்மாவுக்குச் சமைக்கணும்."

"சம்பந்திக்கா? அப்ப பக்காவா பண்ணிரலாம். ஜல்தி வேணுமா?"

இரண்டு நாளில் கொடுத்தார். வில்லை கண்ணாடி மாதிரி மின்னியது. ஒவ்வொரு ஓட்டையையும் உள்பக்கம் தேய்த்து வழவழவென்று ஆக்கியிருந்தார். எனக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்கு வந்து பிழிந்தால் பிகோலி பட்டு நூல் மாதிரி இறங்கியது. வெந்ததும் மேலே போட்ட வெங்காயம் ஒட்டவே இல்லை. எல்லாம் வழுக்கித் தட்டின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மார்க்கோவிடம் கேட்டேன். பிகோலியின் மேல்பக்கம் சொரசொரப்பாக இருக்க வேண்டும், அப்போதுதான் வெங்காயத்தைப் பிடிக்கும் என்றான். மறுபடி விழுப்புரம்.

சலீம் பாயின் முகம் சுண்டிப் போனது. "நாப்பது வருசமா வழவழன்னு பண்றதுக்குத்தான் தொழிலு கத்துக்கினேன். இப்ப வந்து சொரசொரன்னு பண்ணுன்றீங்களே சார். என் பட்டறையிலேர்ந்து பிசிறோட ஒரு சாமான் வெளிய போனதில்ல."

"கோவிச்சிக்காதீங்க பாய். பிசிறு இருந்தாத்தான் கல்யாணம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு புதுத் தகடு எடுத்து ஓட்டை போட்டு, தேய்க்காமல் அப்படியே நீட்டினார். யாரிடமும் தன் பேரைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். இந்தக் கட்டுரை அச்சில் வந்தால் அவருக்குக் காட்ட மாட்டேன்.

அடுத்தது மீன். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் பாதியில் மரக்காணம் போனேன். கரையில் கூடையோடு உட்கார்ந்திருந்த அஞ்சலை என்ற அம்மாளிடம் நெத்திலி வாங்கினேன். காயப்போட்டுத் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், பச்சையாகவே உப்பில் போட வேண்டும், நாற்பது நாள் கழித்து எண்ணெயில் கரைய வேண்டும் என்றேன். மார்க்கோ சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். இத்தாலிக்காரர்களின் ரகசியம் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அஞ்சலை சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கூடைக்காரிகளும் திரும்பிப் பார்த்தார்கள். "இதுல இன்னாண்ணே ரகசியம்? அடமழையில வெயிலு இல்லன்னா நாங்க பானையிலதான் அமுக்கி வைக்கிறோம். போயி ஒரு மண்பானை வாங்கியாங்க."

வாங்கி வந்தேன். கட்டைவிரலால் ஒரு கிள்ளு, தலையும் குடலும் சேர்ந்து வந்துவிட்டன. நான் ஒரு மீன் கிள்ளுவதற்குள் அவள் பத்து கிள்ளினாள். அடியில் கல்லுப்பு, மேலே மீன், அதன் மேல் உப்பு என்று அடுக்கிக்கொண்டே போய், மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துக் கல்லை வைத்தாள்.

"தண்ணி வுடும். பயந்துக்கினு கொட்டிறாதீங்க. அந்தத் தண்ணிதான் அதுக்கு உசுரு. சும்மா சும்மா தொறந்து பாத்துக்கினு இருந்தீங்க, புழு வச்சிரும்."

பானையின் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினேன். நாலு நிறுத்தம் போனதும் கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இன்னாங்க அது பானையில?"

"மீனு."

"வண்டியே நாறுது. பேஜாருங்க உங்களோட. அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கங்க."

இறங்கியிருப்பேன். முன் சீட்டில் இருந்த ஓர் அம்மாள் விடவில்லை. "ஏன், நீ மீனே துன்றதில்லையா? பெரிய மனுசன் பானையோட எங்க போவாரு?" என்று ஆரம்பித்தாள். பின் சீட்டுக்காரர் கண்டக்டர் கட்சி. பானை எதற்கு என்று கேள்வி வந்தது. சொன்னேன். இட்லிப் பொடி கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. திண்டிவனம் வருவதற்குள் அந்த பஸ்ஸில் பாதிப் பேருக்கு என் மகள் பேர், படிப்பு, மாப்பிள்ளை நிறம் எல்லாம் தெரிந்துவிட்டது. "சம்பந்தியம்மா தட்டுல போய் ஏன் சார் கைய வச்சீங்க?" என்று அதே கண்டக்டர் உரிமையோடு திட்டினார். இறங்கும்போது பானையை அவரே தூக்கிக் கொடுத்தார். படோவா பஸ்ஸில் கியர் நன்றாக இருந்தது என்று சொன்னேனே, அதைவிட எனக்கு இந்த பஸ்தான் பிடித்தது.

நாற்பது நாள் பானை தோட்டத்துக் கொட்டகையில் இருந்தது. நான் தினமும் அதைச் சுற்றி வந்தேன். வசந்தா மூக்கில் முந்தானையோடு துணி காயப்போட்டாள். ஆனால் என்னைத் திறக்கவிடாமல் காவல் காத்தவளும் அவள்தான்.

புரூனா வருவதற்கு இரண்டு நாள் முன்பு வாத்து முட்டைக்காகக் கெடார் கிராமத்துப் பக்கம் போனேன். சொர்ணவாரி நெல் அறுப்பு முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர்கள் இறங்கியிருந்தார்கள். ஒரு டஜன் முட்டை வாங்கி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைத் தோல் நிரப்பிய பையில் புதைத்து மடியில் வைத்துக்கொண்டேன். பஸ் புறப்பட்டதுமே பிரேக் சத்தத்தைக் கேட்டு எனக்குச் சந்தேகம்தான். கட்டை தேய்ந்திருக்கிறது, ஒரேயடியாகப் பிடிக்கும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லி வாயை மூடவில்லை, குறுக்கே ஓர் ஆடு வந்தது. ஆடு பிழைத்தது. ஐந்து முட்டை போனது, என் வேட்டியும் போனது. மிச்சம் ஏழு. எனக்கு வேண்டியது ஆறு.

அந்த நாள் வந்தது. பாண்டிச்சேரியிலிருந்து காரில் கயலும் புரூனாவும் பதினொன்றரைக்கு இறங்கினார்கள். கயல் வசந்தாவைக் கட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்து "ம்" என்றாள். புரூனா கைகுலுக்கினார், சிரிக்கவில்லை. சோபாவில் கைப்பையை மடியில் வைத்தபடி நுனியில் உட்கார்ந்தார், எப்போது எழுந்து போகலாம் என்று பார்ப்பவர் மாதிரி. சரியாக அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. அந்த வருடம் கரண்ட் இருந்தால்தான் ஆச்சரியம். வசந்தா விசிறியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, என்னைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"சாம்பார், ரசம், வடை எல்லாம் பண்ணி மூடி வச்சிருக்கேன். அவங்க துன்னலன்னா பசியோடயா அனுப்பறது? ஆனா ஒண்ணு. கையக் கட்டிக்கினு உக்காருங்க. யாரு தட்டுலயும் நீங்களா எதுவும் போடக்கூடாது."

வெங்காயத்தை மூடி போட்டுச் சின்னத் தீயில் வைத்திருந்தேன். முக்கால் மணி நேரத்தில் சிவக்காமல் கரைந்திருந்தது. பானை மீனைக் கழுவி முள் எடுத்து அதில் போட்டேன். போட்ட உடனே அது உருகி எண்ணெயோடு எண்ணெயாகக் கலந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. அஞ்சலைக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். கடாய்ப் பக்கமிருந்து அஞ்சறைப் பெட்டியை வசந்தா காலையிலேயே எடுத்து ஒளித்து வைத்திருந்தாள்.

சேவை நாழியை ஸ்டூலில் கட்டி, மாவைத் திணித்துத் திருகைச் சுற்ற ஆரம்பித்தேன். முதல் இழை இறங்கும்போது பின்னால் நிழல் விழுந்தது. வாசலில் புரூனா. வெங்காய வாசம் அவரை எழுப்பிக் கொண்டு வந்திருக்க வேண்டும். நாழியைப் பார்த்தார். அதன் மூன்று காலையும் திருகையும் பார்த்தார். குனிந்து இறங்கிக்கொண்டிருந்த இழையின் சொரசொரப்பை விரலால் தொட்டார். நான் சுற்றுவதை நிறுத்திவிட்டேன்.

அவர் குழாயில் கையைக் கழுவி, மாவைத் தொட்டுக்கொண்டு, நாழிக்குக் கீழே இரண்டு கையையும் ஏந்தினார். சுற்றச் சொல்லித் தலையை ஆட்டினார். நான் சுற்ற, அவர் ஏந்த, அளவு பார்த்து விரலாலேயே அறுத்து மாவுத் துணியில் பரப்பினார். இது இரண்டு பேர் செய்கிற வேலை. வசந்தாவோடு பலமுறை ஒத்திகை பார்த்திருந்தேன், இவ்வளவு சீராக ஒருமுறையும் வந்ததில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை.

தரையில் பாய் போட்டு நாலு பேரும் உட்கார்ந்தோம். நான் நிஜமாகவே கையைக் கட்டிக்கொண்டேன். புரூனா முட்கரண்டியில் சுற்றி முதல் வாய் வைத்தார். மென்றார். இரண்டாவது வாய், மூன்றாவது வாய். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கயல் சாப்பிடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உப்பு சரியா, மீன் போதுமா என்று கேட்க வாய் துடித்தது. வசந்தா என் தொடையில் கிள்ளினாள். தட்டு காலியானது. வசந்தா கையால் சாப்பிடுவதைப் பார்த்தாரோ என்னவோ, மிச்சமிருந்த வெங்காயத்தை விரலால் வழித்து நக்கினார். பிறகு அந்தத் தட்டை என் பக்கம் நீட்டினார்.

கட்டிய கையை அவிழ்த்தேன். கடாயை இழுத்துத் தட்டு நிறையப் பரிமாறினேன். என் வாழ்க்கையில் எத்தனையோ பந்தியில் பரிமாறியிருக்கிறேன், கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவருக்குப் பரிமாறுகிற சுகம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாவது தட்டும் முடிந்த பிறகு புரூனா கயலிடம் நீளமாக ஏதோ சொன்னார். இடையிடையே கடாயைக் காட்டினார், என்னைக் காட்டினார். கயலின் கண் நிறைந்துவிட்டது.

"இன்னாம்மா சொல்றாங்க?"

"வெங்காயத்தைத் தடியா அரிஞ்சிருக்கியாம். இன்னும் சன்னமா அரியணுமாம்."

முப்பது வருடமாக என் ஞாயிற்றுக்கிழமைச் சமையலில் யார் குற்றம் சொன்னாலும் சண்டைக்குப் போகிறவன் நான். அன்று தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன்.

"அப்புறம்?"

"கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே வந்து, அத்தினி பேருக்கும் அவங்களே அரிஞ்சு தர்றாங்களாம்." அவள் குரல் உடைந்துவிட்டது. "எந்த மாசம்னு கேக்கறாங்கப்பா. சொல்லுப்பா."

மார்ச்சுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் "அப்பா". எச்சில் கையோடு எழுந்து ஓடி, டி.வி.க்கு மேலிருந்த பஞ்சாங்கத்தை எடுத்து வந்து புரூனாவின் முன்னால் வைத்தேன். தை மாதத்தைத் தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை. வசந்தா அந்தப் பக்கத்தின் மூலையை எப்போதோ மடித்து வைத்திருந்தாள்.